ஒன்பதாம் மைல் ஊற்று

கிழக்கு வெளுக்கும் முன்பே, திருச்சுழிக்கு இரண்டு கல் தொலைவில், சாலையோரம் ஜல்லி உடைக்கும் சத்தம் தொடங்கிவிட்டது. இரண்டு வருஷமாக மழை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஞானப்பூ பானை வைக்கும் வைக்கோல் பிரிமணைக்குள் கருங்கல்லை வைத்துச் சுத்தியலை இறக்கினாள். தெறித்த சில்லு கன்னத்தில் பட்டு ரத்தம் கசிந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை.

அப்போதுதான் லாரி வந்து நின்றது. பெட்ரோலை யுத்தம் குடித்துக்கொண்டிருந்ததால் அது கரியில் ஓடும் லாரி. அதிலிருந்து சலவைச் சட்டையோடு இறங்கினார் சீனிச்சாமி மேஸ்திரி.

"மலை ரோட்டு வேலைக்கு நாப்பது பேரு வேணும். இங்ஙன காய்ஞ்சு சாகுறதுக்கு, அங்கன வந்து நனைஞ்சு பொழைங்க."

யாரும் சிரிக்கவில்லை. போன ஐப்பசியில் இதே லாரி அள்ளிக்கொண்டு போன கூட்டத்தில் பதினோரு பேர் திரும்பவில்லை. மலை ரோட்டின் ஒன்பதாம் மைலில், பாறை இடுக்கில், ஒருநாள் கலங்கலாகத் தண்ணீர் பீறிட்டது. மலையில் பிறந்தவன் பார்த்திருந்தால் ஓடியிருப்பான். இவர்கள் ஒரு குடம் தண்ணீருக்கு ஊர் ஊராக அலைந்தவர்கள். ஞானப்பூவின் புருஷன் வேதமுத்து முழங்காலிட்டு ஸ்தோத்திரம் சொன்னான். கூட வேலை பார்த்த சங்கையா சூடம் கொளுத்தினான். குடிசைகளைப் பிரித்து ஊற்றின் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார்கள். மேஸ்திரி தடுக்கவில்லை. நாலாம் நாள் கஞ்சி நேரத்தில் மலை சரிந்து விழுந்தது. உப்பு வாங்கக் கீழே போயிருந்த ஞானப்பூ திரும்பி வந்தபோது குடிசையும் இல்லை, புருஷனும் இல்லை.

மண்ணைத் தோண்டிப் பார்க்கக்கூட விடவில்லை. 'ஆள் சேதம் இல்லை. பதினோரு பேர் வேலையை விட்டு ஓடிப்போனார்கள்' என்று ரோட்டு வேலைக் கணக்கில் எழுதி மூடிவிட்டார்கள்.

இப்போது முதல் ஆளாக மாரிக்கனி, கைப்பிள்ளையோடு லாரியில் ஏறினாள். "பிள்ளை வாயில கஞ்சி பட்டு ரெண்டு நாளாச்சு. என்னைய யாரும் ஒண்ணும் சொல்லாதீக" என்றாள். அவள் பின்னால் இன்னும் நாலு பேர் எழுந்தார்கள்.

"குடிசை எங்க போடுவீக மேஸ்திரி?" என்று ஞானப்பூ கேட்டாள்.

"பழைய இடந்தான். அந்த ஊத்து திரும்பவும் கிளம்பிருக்கு. உங்க நல்ல நேரம்."

யாக்கோபு சுத்தியலைக் கீழே போட்டான். வேதமுத்துவின் தம்பி அவன். மலையில் சர்வேயருக்கு அளவுச் சங்கிலி பிடித்தவன். ஊர் திரும்பிய நாள் முதல் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாதவன்.

"ஏறாதீக" என்றான். "மலை சரிஞ்ச இடத்தையெல்லாம் அளந்து சர்வேயரு படம் போடுவாரு. சரிஞ்சதுக்குக் கறுப்பு மை. சரியப் போறதுக்குச் சிவப்பு. ஒன்பதாம் மைலுக்குச் சிவப்புப் போட்டாரு. மலை புதுசாத் தண்ணி கக்குனா உள்ளுக்குள்ள மண்ணு பிடி விட்டுப்போச்சுன்னு அர்த்தம், ஆளுகளைக் கிளப்புன்னு இந்த மேஸ்திரிகிட்டச் சொன்னாரு. பக்கத்துல நான் நின்னேன்."

"எப்ப?" என்றாள் ஞானப்பூ.

"விழுறதுக்கு மூணு நாளைக்கு முந்தி."

"உனக்கு அப்பவே தெரியும்."

"தெரியும் மதினி. வாயைத் தொறந்தா சங்கிலி வேலை போயிரும்னு இந்த மேஸ்திரிதான் சொன்னாரு. தொறக்கல."

அவள் கையில் சுத்தியல் இருந்தது. அவன் மண்டையைப் பிளந்துவிடத்தான் அவளுக்குத் தோன்றியது. அவனும் நகரவில்லை.

"உன்னைய மன்னிக்க எனக்கு மனசு வராது" என்றாள் கடைசியில். "ஆனா இப்பத் தொறந்த வாயை இனி மூடாத."

மேஸ்திரி வெற்றிலையைத் துப்பினார். "சொன்னாருதான். தண்ணிக்குக் குடத்தைத் தூக்கிட்டு மூணு மைலு போய்ட்டு வந்தா ரோடு எப்ப முடியும்? மனசிருந்தா ஏறுங்க. திருச்சுழியில பட்டினி கிடக்கிற ஆளுக்கா பஞ்சம்?"

மாரிக்கனி பிள்ளையை இடுக்கிக்கொண்டு இறங்கினாள். பிள்ளை அழுதது. அதற்குக் கொடுக்க இப்போதும் அவளிடம் ஒன்றுமில்லை. எழுந்தவர்கள் வந்து அவள் பக்கத்தில் நின்றார்கள்.

"பதினோரு பேரும் செத்தாகன்னு எழுதுங்க" என்றாள் ஞானப்பூ. "சிவப்பு மை எங்கெங்க இருக்குன்னு எங்களுக்குக் காட்டுங்க. குடிசைய அதுக்குத் தள்ளிப் போடுங்க. அப்ப வாரோம்."

"கல்லு உடைக்கிற கழுதைக்குப் படம் காட்டணுமாக்கும்" என்று மேஸ்திரி லாரியில் ஏறினார். இந்தப் பேச்சு நடந்த நேரத்தில் லாரியின் கரியடுப்பு அணைந்துபோயிருந்தது. டிரைவர் சபித்துக்கொண்டே காற்றூதும் துருத்தியின் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினான்.

"அடுப்புப் பிடிக்க எம்புட்டு நேரமாகும்?" என்று ஞானப்பூ கேட்டாள்.

"அரை மணி" என்றான் யாக்கோபு.

திருச்சுழிக்குக் குறுக்குப் பாதை காய்ந்த கண்மாய் வழியாகப் போனது. சுத்தியல்களை ஜல்லிக் குவியலிலேயே விட்டுவிட்டு எல்லோரும் கண்மாய்க்குள் இறங்கினார்கள். இன்றைய கூலி போயிற்று, நாளைக்கும் வேலை இருக்குமா என்பது தெரியாது. மாரிக்கனியின் பிள்ளையைக் கை மாற்றிக் கை மாற்றித் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

பின்தங்கி வந்த யாக்கோபை ஞானப்பூ முன்னால் போகச் சொன்னாள். "லாரி வாரதுக்கு முந்தி அங்க போய் ஆளுககிட்ட நீதான் சொல்லணும். பதினோரு பேருல ஒரு பேரும் விட்டுப்போகக் கூடாது. நடந்துக்கிட்டே சொல்லிப் பாரு."

பின்னால் லாரி இருமுவது கேட்டது. நடை வேகமானது.

"வேதமுத்து" என்று தொடங்கினான் யாக்கோபு.