அவள் அளவில் ஒரு பந்தயம்

லிப்ட் மெக்கானிக்கின் மணிக்கட்டில் இருந்த ஜிபிஎஸ் கடிகாரத்தைப் பொறுத்தவரை அவர் ஐம்பத்திரண்டு கிலோ எடையுள்ள ஒரு பெண். தொந்தியும் தானுமாக அவர் பூங்காவைச் சுற்றி வந்த ஒரு நாள், 'உங்கள் வயதுப் பெண்களில் நீங்கள் சராசரிக்கு மேல்' என்று அது பாராட்டியது. இத்தனை காலத்தில் அவரை யாரும் சராசரிக்கு மேல் என்று சொன்னதில்லை. மறுக்க மனம் வரவில்லை.

கடிகாரம் மனைவியுடையது. அவள் போன பிறகு வரும் முதல் டூயத்லான் இது.

"செட்டிங்கையாவது மாத்துங்கப்பா," என்றாள் மகள், அவர் சட்டையில் எண் சீட்டைக் குத்தியபடி. "அது அம்மாவோட நாடித்துடிப்புக்கு டாக்டர் சொன்ன அளவு. அதைத் தாண்டினாலே சும்மா சும்மா கத்தும். உங்களுக்குத்தான் நெஞ்சுல ஒண்ணும் இல்லையே."

"அதை உங்கம்மாவும் அடிக்கடி சொல்லுவா."

ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம். சின்னப் பந்தயம்தான். வருடாவருடம் இருவரும் சேர்ந்தே கிளம்புவார்கள். கடிகாரம் கத்தியதும் அவள் நடக்க ஆரம்பித்துவிடுவாள். அவள் சைக்கிளை விட்டு இறங்குவதற்குள் நேரம் முடிந்து, கொடி பிடித்தவர்கள் நிறுத்திவிடுவார்கள். இரண்டாவது ஓட்டத்தை அவள் தொட்டதே இல்லை. "என்ன நத்தையம்மா, இந்த வருஷமும் அவ்வளவுதானா?" என்று கேலி செய்வார் மெக்கானிக். அவ்வளவு கணக்காகச் செலவழித்த இதயம், ஒரு மதியம் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது நின்றுபோனது.

அவளுடைய அந்த அளவுக்குள்ளேயே ஓடி, ஒரே ஒரு தடவை அந்தக் கொடியைத் தாண்டிவிட வேண்டும். இந்த வருடம் அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதல் திருப்பத்திலேயே கடிகாரம் கத்தியது. நடந்தார். அடங்கியது. ஓடினார். மறுபடி கத்தியது.

"என்ன அங்கிள், வண்டி ரிப்பேரா?" என்று ஒருவன் தாண்டிப் போனான்.

"ஓவர்லோடு தம்பி!"

சைக்கிளிலும் அதே கதை. கடைசி மேட்டில் ஏறும்போது கொடி கண்ணுக்கே தெரிந்தது. நாலு மிதி அழுத்தி மிதித்தால் போதும். மிதித்தார். கத்தியது. ஓரத்துப் பொத்தானை அழுத்தினால் சத்தம் நின்றுவிடும். கட்டைவிரல் அதன்மேல் போய் உட்கார்ந்தது.

'ஒரே ஒரு ஆள்தான் சார் அதிகம், அந்தச் சத்தத்தை மட்டும் நிறுத்திடுங்களேன்' என்று லிப்டுக்குள் நின்று கெஞ்சிய எத்தனை பேரை வெளியே இறக்கிவிட்டிருக்கிறார்! அவள் விரலுக்குக் கீழேயும் வருடாவருடம் இதே பொத்தான் இருந்தது. எதிரே இதே கொடியும் தெரிந்தது. அவள் அழுத்தவில்லை. வீட்டுக்கு வந்து சேர்வதுதான் அவளுக்கு முக்கியமாக இருந்திருக்கிறது. நத்தையாம் நத்தை.

விரலை எடுத்தார். இறங்கி சைக்கிளைத் தள்ளினார்.

"கோச்சுக்காதீங்க சார், இப்பத்தான் மூடினோம்," என்றாள் கொடிக்காரப் பெண்.

பின்தங்கியவர்களை ஏற்றிப் போக ஒரு வேன் நின்றது. அப்படி ஒன்று இருப்பதே அவருக்கு இன்றுதான் தெரியும். முன் இருக்கையில் ஏறினார்.

"இந்த சீட்டு ஒரு அக்காவுக்குத்தான் சார் வழக்கமா," என்றான் டிரைவர், வண்டியைக் கிளப்பிக்கொண்டே. "ஏறின உடனே ஆரம்பிச்சிடுவாங்க. 'சீக்கிரம் ஓட்டுங்க தம்பி, எங்க வீட்டுக்காரர் முடிவுக் கோட்டைத் தொடறதுக்குள்ள நான் அங்க நிக்கணும்'னு ஒரே தொல்லை. அவங்களுக்காகவே குறுக்குச் சந்துல எல்லாம் பூந்து போவேன். இந்த வருஷம் காணோமே."

ஒவ்வொரு வருடமும் கோட்டருகே நின்று அவள் கை தட்டியது உண்மைதான். எப்படி வந்தாள் என்று ஒருநாளும் அவர் கேட்டதில்லை.

"உங்களுக்கும் அவசரமா சார்? யாராச்சும் காத்திருக்காங்களா?"

"மக நிக்கிறா. பரவாயில்ல, மெதுவாவே போங்க தம்பி," என்றார் மெக்கானிக். "ஆனா அந்தச் சந்து வழியாவே போங்க."