ஐந்து பேருக்கு ஒரு கப்பல்

மரைக்கே ஒரு திட்டம் போட ஆரம்பித்தால் வீட்டில் மற்றவர்கள் மூச்சுவிட நேரம் பார்க்க வேண்டும். இந்தக் கோடைக்கு அவள் பிடித்த பிடி, கப்பல் பயணம். கீல் நகரத்தில் பிறந்து வளர்ந்தவள். துறைமுகத்தில் மாடி மாடியாக வந்து நிற்கிற கப்பல்களை வருஷம் பூராவும் பார்க்கிறவள், ஒரு தடவைகூட ஏறியதில்லை. இந்த வருஷம் ஏறியே தீருவது என்று நின்றதற்குக் காரணம் இருந்தது. மகள் இன்சா ஒரு வருஷம் படிக்க ஆகஸ்டில் கனடா போகிறாள். அதற்கு முன்னால் எல்லோரும் ஒரு வாரமாவது ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எல்லோரும் என்றால் மரைக்கே, கணவன் டோர்பென், பதினாறு வயது இன்சா, பதினாலு வயது பியார்னே, அப்புறம் ஜோவானா. மாணவர் பரிமாற்றத்தில் பொலிவியாவிலிருந்து வந்து, ஒரு பள்ளி ஆண்டு அவர்களோடு தங்கியிருக்கிற பெண். கடலே இல்லாத நாட்டுக்காரி. வந்த புதிதில் கடற்கரைக்குக் கூட்டிப்போனபோது ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். அன்றிலிருந்து பியார்னே அவளை 'உப்பு' என்றுதான் கூப்பிடுகிறான்.

மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காபியும் கேக்குமாக மேஜையில் மாநாடு கூடியது.

"ஒரு அறையில நாலு பேருக்கு மேல விடமாட்டாங்க. நானும் அப்பாவும் ஒண்ணு, நீங்க மூணு பேரும் ஒண்ணு," என்றாள் மரைக்கே.

"அப்ப நான் வரல. ரெண்டு பொண்ணுங்களோட ஒரே அறையா? குளியலறைக்கு டோக்கன் வாங்கித்தான் போகணும்," என்றான் பியார்னே.

"நீ குளிக்கிறதே எப்பவாவதுதான். உனக்கெதுக்குடா டோக்கன்?" என்றாள் இன்சா.

"உப்பு, நீ சொல்லு. இவகூட ஒரு வாரம் தாங்குவியா?"

ஜோவானா சிரித்தாள். "எனக்கு மேல் படுக்கை குடுத்தா போதும்."

"பாரு, அவளுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. உங்க ரெண்டு பேருக்குத்தான் வாய்," என்று மரைக்கே முடித்துவைத்தாள். அந்த வீட்டில் ஒருவர் சரி என்றால் சரி, இல்லை என்றால் இல்லை. உள்ளே வேறு இருக்குமோ என்று தோண்டிப் பார்க்கிற பழக்கம் யாருக்கும் கிடையாது.

பாத்திரம் கழுவும்போது டோர்பென் கேட்டார். "ஜோவா, உன் பாஸ்போர்ட்டைக் கொஞ்சம் குடும்மா. இன்னிக்கே பதிவு பண்ணிடறேன்."

தட்டு துடைத்துக்கொண்டிருந்தவள், துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள். "என்னோடது வேணாம், டோர்பென். கப்பல் ஜூலை கடைசிலதானே கெளம்புது? எங்க எல்லாரையும் ஜூலை ஆரம்பத்துலயே விமானத்துல ஏத்திடுவாங்க."

டோர்பெனுக்குச் சுருக்கென்றது. அந்தத் தேதி, அவள் வருவதற்கு முன்பே சொல்லப்பட்ட தேதி. எல்லா மாணவர்களுக்கும் ஒரே விமானம், யாருக்காகவும் மாற்றமாட்டார்கள்.

"இத ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள மரைக்கே என்னையும் சேத்து அறை பிரிச்சிட்டாங்க." அவள் தட்டைக் கீழே வைக்கவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் சொல்லாதீங்க. திட்டம் போடறது நல்லா இருக்கு."

டோர்பெனுக்குச் சரளமாகப் பொய் வராது. வாய் திறந்தால் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்து, பேச்சைக் குறைத்து நாளைக் கடத்தினார். மரைக்கே விடாமல் கேட்டால் இணையதளம் சரியாக இல்லை என்றார், விலை இறங்கும் என்றார். மரைக்கேயோ நார்வேயில் இறங்கிப் பனிமலை பார்க்க ஐந்து பேருக்கும் இடம் பார்த்துக்கொண்டிருந்தாள். "பனிமலையா? எங்க ஊர்ல எங்க பாத்தாலும் அதுதான். அதுக்குப் பயந்துதானே நான் இங்க ஓடி வந்தேன்," என்று ஜோவானா சொல்ல, பியார்னே விழுந்து விழுந்து சிரித்தான். டோர்பென் கேக்கைக் கரண்டியால் பொடித்துக்கொண்டிருந்தார். சொன்னால் இந்தப் பெண்ணின் சந்தோஷம் போகும். சொல்லாவிட்டால் ஒருநாள் மொத்தமாக உடையும்.

ஏப்ரலில் ஒருநாள் எல்லோரும் காபியும் கேக்குமாக உட்கார்ந்திருந்தபோது மரைக்கே பொறுமை இழந்தாள். "உன்ன நம்புனா கப்பல் கெளம்பிடும். நானே கூப்பிட்டு அஞ்சு பேருக்குப் போட்டுடறேன்," என்று போனை எடுத்தாள்.

"நாலு பேருக்கு," என்றார் டோர்பென். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார்.

மரைக்கே போனைக் கீழே வைத்தாள். "இத்தன வாரமா ரெண்டு பேருக்கும் தெரியும். நான் பைத்தியக்காரி மாதிரி படுக்கை பிரிச்சிட்டு இருந்திருக்கேன். இந்த வீட்ல எதையும் மறைக்க மாட்டோம்னு உனக்குத் தெரியாதா ஜோவானா?"

"தெரியும். சொல்லியிருந்தா நாலு பேருக்குத் திட்டம் போட்டிருப்பீங்க. நான் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு இருந்திருப்பேன்."

தன் கோபம் அந்தப் பெண்மேல் இல்லை என்பது மரைக்கேவுக்குப் புரிந்துவிட்டது. இன்சா போகிற தேதி தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ஜோவானா போகிற தேதி ஒருநாளும் மனதில் நின்றதில்லை, நிற்க மரைக்கே விடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து காபிக் குவளைகளைச் சேர்த்தாள்.

"மே மாசம் விண்ணேற்றத் திருநாளுக்கு வியாழன் லீவு, வெள்ளிக்கும் பள்ளிக்கூடம் கெடையாது," என்றாள் இன்சா மெதுவாக. "ஆஸ்லோ போற கப்பல் இருக்கே. போய்ட்டு சனிக்கிழமை வந்துடலாம்."

"அது கார் ஏத்துற கப்பல்," என்றான் பியார்னே. "பெருசுல தண்ணிச் சறுக்கு இருக்கு."

ரெண்டுக்கும் கட்டுப்படியாகாது என்பது எல்லோருக்கும் தெரியும். "பெரிய கப்பல்ல நாலு பேர், இல்ல சின்னதுல அஞ்சு பேர். சின்னதுக்குக் கை தூக்குங்க," என்றாள் மரைக்கே. மூன்று கைகள் உடனே எழுந்தன. ஜோவானா கையை மடியிலேயே வைத்துக்கொண்டு பியார்னேயைப் பார்த்தாள். வாரக்கணக்காக அந்தச் சறுக்கின் படத்தை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தவன் அவன்.

பியார்னே பெருமூச்சு விட்டான். கையைத் தூக்கவில்லை.

"உப்புக்கு மேல் படுக்கைன்னு எப்பவோ முடிவாயிடுச்சு," என்றான். "அத இனிமே மாத்த வேணாம்."

டோர்பென் கையை நீட்டி, "ஜோவா, பாஸ்போர்ட்," என்றார். அவள் கேக்கைப் பாதியில் வைத்துவிட்டு மாடிக்கு ஓடினாள்.