கண்ணாடிக் கக்கூஸும் கை நனைக்க வந்த சம்பந்தியும்

அருப்புக்கோட்டையில் கொத்தமல்லி மண்டி வைத்திருக்கும் பொன்ராஜ் கட்டிய வீட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. நான் திருச்சுழிப் பக்கம் மானாவாரியில் மல்லி விதைத்து அவர் மண்டிக்குப் போடுகிற சம்சாரி. மாட்டுத் தொழுவத்தில் உட்கார்ந்து கம்மங்கஞ்சி குடித்தவன். எனக்கே குமட்டியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வினை செல்போனில் வந்தது. வீடு கட்டுமுன் வாங்க வேண்டிய பத்துப் புத்தகங்கள் என்று யாரோ சிபாரிசு செய்திருந்தார்கள். அரண்மனை, கோட்டை, புதுமாதிரி வீடு, எல்லாம் வெள்ளைக்காரப் புத்தகம். பொன்ராஜ் பத்தையும் வரவழைத்தார். ஏற்றி வந்த வேன் காரியாபட்டியிலேயே அச்சு முறிந்து உட்கார்ந்துவிட்டது. மிச்ச தூரத்துக்கு டிராக்டரில் வந்தன. ஒன்றை மண்டித் தராசில் வைத்தோம். தராசு பெருமூச்சு விட்டது.

அவர் படித்திருந்தால் கூடப் பரவாயில்லை. மல்லி மூட்டை வந்தால் பொன்ராஜ் வாயைப் பிரித்துப் பார்க்க மாட்டார். நல்ல சரக்கை மேலே போட்டு ஏமாற்றுவோம் என்று எங்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை. இரும்புக் குழாயை மூட்டையின் நடுவயிற்றில் குத்தி, அங்கிருந்து வரும் ஒரு பிடியைப் பார்த்துத்தான் விலை சொல்வார். புத்தகத்துக்கும் அதே வைத்தியம். முன்பக்கங்கள் எல்லாம் கண்கட்டு வேலையாம். ஒவ்வொன்றையும் நட்டநடுவில் பிரித்து, அங்கே இருந்த படத்தைக் கொத்தனார் தங்கபாண்டியிடம் காட்டி, இதைக் கட்டு என்றார்.

ஆகவே தலைவாசல் ஏதோ ஒரு கோட்டையினுடையது. யானை முட்டாமலிருக்கக் கதவெல்லாம் கூர் ஆணி. யானை வரவில்லை, பால்காரர்தான் சட்டையைக் கிழித்துக்கொண்டார். மாடிப்படி ஒரு மியூசியத்தினுடையது. அது ஏறிப்போய்ச் சுவரில் முட்டி நிற்கும். கூரைக்குப் பனிநாட்டுக் கண்ணாடி. சித்திரை வெயிலில் பொன்ராஜின் மனைவி கோகிலாம்பாள் கூடத்துத் தரையில் முட்டை பொரித்ததை நானே தின்றிருக்கிறேன்.

இதையெல்லாம் சகிக்கலாம். பத்தாவது புத்தகத்தின் நடுப்பக்கத்தில்தான் அந்தக் கருமம் இருந்தது. ஆளரவமில்லாத காட்டுக்குள் ஒற்றை ஆள் வாழ்கிற வீடு. அதன் கூடத்தில் நாலு பக்கமும் கண்ணாடி போட்ட கக்கூஸ். பொன்ராஜ் அதைச் சாப்பாட்டு மேசைக்கு எதிரே கட்டினார். கோகிலாம்பாள் பழைய சேலையைக் கட்டி மறைத்தாள். படத்தில் சேலை இல்லை என்று அவிழ்த்துப் போட்டார். அன்றிலிருந்து வீட்டுப் பெண்கள் அவசரத்துக்குப் பக்கத்து வீட்டுக்குப் போய் வந்தார்கள்.

இந்த லட்சணத்தில் மகள் கிருஷ்ணப்ரியாவுக்குச் சம்பந்தம் வந்தது. பையன் காரியாபட்டி ஜவுளிக்கடைக்காரர் வீடு. மதுரையில் இவளோடு படித்தவன். கட்டினால் அவனைத்தான் என்று அவளே வீட்டில் சொல்லி, ஒரு வழியாக இரண்டு பக்கமும் இறங்கி வந்திருந்தார்கள். எங்கள் பக்கம் பெண் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டால் சம்மதம். நனைக்காமல் எழுந்தால் முறிந்தது என்று அர்த்தம். அந்தக் கை நனைக்கத்தான் வந்தார்கள். ஆள் நிறைவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார் பொன்ராஜ்.

இலை போட்டு, சோறு வைத்து, கோகிலாம்பாள் ரசச் சட்டியோடு வந்தாள். அந்த நேரம் பார்த்துப் பையனுடைய பெரியப்பாவுக்கு அவசரம் வந்துவிட்டது. சர்க்கரை வியாதிக்காரர், பாவம். எங்கே என்று கேட்டார். பொன்ராஜ் பெருமையோடு கையை நீட்டினார். மனிதர் யோசிக்காமல் ஓடி உள்ளே போய்விட்டார். போன பிறகுதான் எங்களைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். அடக்க முடியாத நிலையில், மரியாதைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

கண்ணாடியை அன்று காலையில்தான் துடைத்திருந்தார்கள். அது சத்தத்தையும் மறைக்கவில்லை. அங்கே தண்ணீர் இறங்கவும் இங்கே என் இலையில் ரசம் இறங்கவும் சரியாக இருந்தது.

பையனின் தாயார் ரேணுகாதேவி சோற்றின் மேல் கொண்டுபோன கையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டார்.

"கை நனைக்கிறதை இன்னொரு நாளைக்கு வச்சுக்கிடுவோம், மதினி."

கோகிலாம்பாள் ரசச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"புத்தகத்துல உள்ளபடி கட்டுனது, சம்பந்தி" என்றார் பொன்ராஜ்.

"அந்தப் புத்தகத்துல யாராச்சும் சோறு தின்னுக்கிட்டு இருந்தாகளா?"

பொன்ராஜ் நிஜமாகவே யோசித்தார். இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

ரேணுகாதேவி எழுந்தார். பையன் தலையைத் தூக்கவே இல்லை. கிருஷ்ணப்ரியா அடுப்படியிலிருந்து வந்து நேராக அவர் முன்னால் நின்றாள்.

"அத்தை, எம்மேல ஏதும் கொறையா?"

"ஒம்மேல இல்ல, தாயி. இந்த எடத்துல தொண்டையில எறங்காது."

"எனக்கும் பாலு காய்ச்சுன நாள்லருந்து எறங்கல. வாங்க, குடோனுக்குப் போவோம்."

பதிலுக்குக் காத்திராமல் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வீட்டுக்குப் பின்னால்தான் மண்டிக் குடோன். கோகிலாம்பாள் சாம்பாரைத் தூக்கினாள், நான் கூட்டைத் தூக்கினேன். ரேணுகாதேவி கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பின்னால் வந்தார். மல்லி மூட்டைகளுக்கு நடுவே சாக்கை விரித்துப் புது இலை போட்டோம். பெரியப்பா வெளிக் குழாயில் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவியும் யாரும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை.

எனக்கு அங்கேயும் இறங்கவில்லை. ரசம் என்றாலே அந்தச் சத்தம்தான் காதில் கேட்டது. ஆனால் கிருஷ்ணப்ரியா பரிமாறாமல் ரேணுகாதேவியின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கை சோற்றைப் பிசைந்தது. ஒரு வாய் உள்ளே போனது. கோகிலாம்பாள் மூட்டையில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கல்யாணம் எங்க ஊர்லதான்" என்றார் ரேணுகாதேவி. "மறுவீட்டுக்கு எம்மகன் வந்தா இந்தக் குடோன்லதான் படுப்பான்."

"நானும்தான், அத்தை" என்றாள் கிருஷ்ணப்ரியா.

பொன்ராஜ் சம்பந்திக்கு மோர் ஊற்றினார்.