செல்போனுக்கு வைத்த பொட்டு

காது கேட்காதவனுக்குச் செல்போன் எதற்கு என்று தச்சநல்லூரில் என்னிடம் கேட்காத ஆள் கிடையாது. கேட்கிறவன் சும்மா கேட்டுவிட்டுப் போகவும் மாட்டான். கையை வாயருகே குவித்துக்கொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவான். அந்தக் கத்தலிலும் எனக்குப் பாதிதான் விழும். மீதியை அவன் சிரிக்கிற சிரிப்பிலிருந்து தெரிந்துகொள்வேன். "உம்ம சோலியப் பாரும்வே" என்பேன். எனக்குக் கோளாறு காதில்தான், நாக்கில் இல்லை.

பாபநாசத்துப் பக்கம் ஒரு மில்லில் தறிப் பிரிவு சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெயர் சிவசண்முகம். அத்தனை தறிகளும் ஒரே நேரத்தில் அடிக்கிற கூடத்தில் ஆயுசைக் கழித்தவனுக்குக் காது மிஞ்சினால்தான் அதிசயம். இடது காதில் மட்டும் ஏதோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாலம்மாள் உயிரோடு இருந்தவரை அதுவே போதுமாக இருந்தது. என் வீட்டுக்காரி பேசும்போது காதே வேண்டாம், முகத்தைப் பார்த்தாலே எல்லாம் விளங்கிவிடும். அவள் போன பிறகு வீட்டு டெலிபோனை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மணி அடித்தாலும் கேட்காது, எடுத்தாலும் கேட்காது. அப்புறம் என்ன எழவுக்கு அது?

என் ஒரே மகள் சித்ரலேகா கலிபோர்னியாவில் இருக்கிறாள். டெலிபோன் போனதோடு அவள் பேச்சும் போயிற்று. போன கோடையில் வந்திருந்தபோது, மாப்பிள்ளை சிவசங்கரன் தன் பழைய லேப்டாப்பையும் ஒரு செல்போனையும் மேஜைமேல் வைத்து எனக்குப் பாடம் நடத்தினார். செல்போனின் உச்சியில் கருஞ்சிவப்பாக ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. லேப்டாப்பின் விளிம்பிலும் அதே மாதிரி ஒன்று. இரண்டையும் ஒரு சாண் இடைவெளியில் நேருக்கு நேராக வைக்கவேண்டும். வயர் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் இதிலிருந்து அதற்குப் போகுமாம். போய்ச் சேர்ந்துவிட்டால் திரையின் மூலையில் ஒரு சின்னப் படம் வரும். பிறகு செல்போன் வழியாக இன்டர்நெட், இன்டர்நெட் வழியாகச் சித்ரா. தமிழைத்தான் இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவோம். அவள் மடமடவென்று தட்டுவாள், நான் ஒற்றை விரலால் கோழி மாதிரி கொத்துவேன்.

வாரத்தில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு இது. அவளுக்கு அது முந்தின நாள் சாயங்காலம். மற்ற நாளெல்லாம் நான் யாரோடும் பேசுவதில்லை. பால்காரனுக்குத் தலையாட்டுவேன், கோயிலில் சாமியைப் பார்ப்பேன், டிவியில் ஆட்கள் வாயசைப்பதைப் பார்ப்பேன். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் ஆறு நாளும் ஓடியது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அதற்காகத்தான் உயிரோடே இருந்தேன்.

போன வாரம் அவள் ஒன்று கேட்டாள்.

"அப்பா, ரெண்டு வீடு பாத்து வச்சிருக்கோம். ஒண்ணு சின்னது, எங்களுக்கு மட்டும் காணும். இன்னொண்ணுல கீழ ஒரு ரூம் தனியா இருக்கு. நீங்க எங்ககூட வந்து இருக்கேன்னா அதை எடுத்துருவோம். வாரியளா?"

வாரேன் என்று அந்த நிமிஷமே விரல் துடித்தது. ஆனால் கேட்டவுடன் சரியென்றால், கிழவன் இதற்குத்தான் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தான் என்று மாப்பிள்ளை நினைக்கமாட்டாரா? "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று தட்டினேன்.

"அடுத்த வாரம் புரோக்கர் வீட்டுக்கு வாராரு. அன்னைக்கு முடிவு சொல்லியாகணும்ப்பா. ஏழு மணிக்குக் கட்டாயம் வந்துருங்க" என்று எழுதினாள்.

அந்த நாள் விஜயதசமியாக வந்து சேர்ந்தது. முந்தின நாள் ஆயுத பூஜை. மில்லில் இருந்தவரைக்கும் ஒரு தறியைக்கூடப் பொட்டில்லாமல் விட்டவனில்லை நான். இப்போது என்னிடம் இருக்கிற ஆயுதம் என்ன? மிக்ஸி, தையல் மெஷின், டிவி, அதன் ரிமோட், சைக்கிள், இந்தச் செல்போனும் லேப்டாப்பும். எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குழைத்துத் தடிமனாக வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்துச் சாமி முன்னால் பரப்பினேன். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது. மறுநாள் காலையில் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் எடுக்கவேண்டும். அப்படியே செய்தேன். ஆறே முக்காலுக்கெல்லாம் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மேஜை முன்னால் உட்கார்ந்துவிட்டேன். சட்டையை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல வார்த்தை சொல்லப்போகிறவன் அழுக்குச் சட்டையோடா சொல்வான்?

லேப்டாப்பைத் திறந்தேன். செல்போனை ஒரு சாண் தள்ளி வைத்தேன். மூலையில் படம் வரவில்லை.

சரி, கொஞ்சம் கோணலாக இருக்கும் என்று நேராக்கினேன். வரவில்லை. அரைச் சாணாக நெருக்கினேன். வரவில்லை. வெயில் பட்டால் அந்த வெளிச்சம் மயங்கிப்போகும் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். ஜன்னலைச் சாத்தி, போதாதென்று ஒரு பழைய வேட்டியையும் எடுத்து அதன்மேல் தொங்கவிட்டேன். ஊகூம். செல்போனில் அதற்கென்று ஒரு பொத்தான் வரிசை உண்டு. அதை அமுக்கி, அணைத்து, மறுபடி அமுக்கினேன். பேட்டரியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துப் போட்டேன். லேப்டாப்பை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். சனியன், அது முழித்து எழுந்திருக்கவே ஒரு யுகம் எடுத்துக்கொண்டது. எழுந்தும் பிரயோஜனமில்லை. இரண்டும் எதிரெதிரே, சண்டை போட்ட சம்பந்திமார் மாதிரி உட்கார்ந்திருந்தன. "ஏ மூதேவி, பாருட்டி அதை! மூஞ்சைப் பாரு!" என்று செல்போனைப் பிடித்துக் கத்தினேன். மணி ஏழு தாண்டியாயிற்று.

சட்டையோடு தெருமுனைக்கு ஓடினேன். அங்கே ஷேக் மைதீன் எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கிறான். எனக்காக அவன் பேசினால் ஆயிற்று.

"மைதீன், என் மவளுக்கு ஒரு போன் போடும்வே. நான் சொல்லுதத அவகிட்டச் சொல்லணும்."

மைதீன் இடது காதுப் பக்கம் வந்து கத்தினான். "என்ன சொல்லணும் அண்ணாச்சி?"

பூத்தில் இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள். மகளிடம் சொல்லவே ஒரு வாரம் வெட்கப்பட்ட வார்த்தையை ஊரார் முன்னால் சொல்லவேண்டியதாயிற்று.

"அப்பா வாரேன்னு சொல்லச் சொன்னான்னு சொல்லும். அவ்வளவுதான்."

மைதீன் நம்பரைச் சுழற்றினான். காதில் வைத்துக் கேட்டான். உதட்டைப் பிதுக்கினான். மறுபடி சுழற்றினான். "எங்கேஜ்டு அண்ணாச்சி! யாரோ பேசிட்டே இருக்காவ!"

யாரோ இல்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் வீட்டிலும் ஒரே லைன்தான். அந்த லைனில்தான் அவள் இன்டர்நெட்டுக்கு வருவாள். நான் வருவேன் வருவேன் என்று லைனைப் பிடித்துக்கொண்டு அவள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். அவள் எனக்காகக் காத்திருக்கும் மட்டும் இந்த போன் அவள் வீட்டில் அடிக்காது.

"இன்னொரு தடவ போடும்" என்றேன். போட்டான். அதேதான். "பைய வாங்க அண்ணாச்சி, பெறவு போட்டுப் பாப்போம்" என்றான். பிறகு என்ன பிறகு?

வீட்டுக்கு வந்து நாற்காலியில் விழுந்தேன். கை சும்மா இருக்காமல், வழக்கம்போல டிவி ரிமோட்டை எடுத்து அமுக்கியது. டிவி எரியவில்லை. இதற்கும் கேடா என்று ஆத்திரத்தோடு அதைத் தொடையில் தட்டினேன். காய்ந்த சந்தனம் பொலபொலவென்று மடியில் உதிர்ந்தது. மறுபடி அமுக்கினேன். டிவி எரிந்தது.

கொஞ்ச நேரம் ரிமோட்டையே பார்த்தேன். அதன் மூக்கிலும் கருஞ்சிவப்பாக ஒரு கண்ணாடி. அதன்மேல்தான் நான் பொட்டு வைத்திருந்தேன். வேறெங்கே வைப்பேன்? நெற்றி என்று பார்த்தால் அதுதானே இடம்! துள்ளி எழுந்து செல்போனைத் தூக்கினேன். உச்சிக் கண்ணாடியில் அப்பியிருந்தது சந்தனம், நடுவில் குங்குமம். லேப்டாப்பிலும் அப்படியே. அடக் கூறுகெட்ட மனுசா! பாலம்மாள் இருந்திருந்தால் சுண்டுவிரல் நுனியால் கடுகளவு வைத்திருப்பாள். நான் தறிக்கு வைக்கிற மாதிரி எட்டணா அகலத்துக்கு வைத்திருக்கிறேன்.

துண்டை நனைத்து இரண்டையும் அழுந்தத் துடைத்தேன். எதிரெதிரே வைத்தேன். வைத்த கையை எடுக்கும் முன்னால் மூலையில் படம் வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. செல்போன் தன் பாட்டுக்கு நம்பர் போட்டது, இன்டர்நெட் வந்தது, எங்கள் இருவரின் பேச்சுப் பெட்டி திறந்தது. இன்னொரு யோசனையில்லாமல் ஒற்றை விரலால் "வாரேன்" என்று கொத்தினேன். அதை அனுப்புவதற்குள் அவள் எழுதி வைத்திருந்ததெல்லாம் மளமளவென்று வந்து விழுந்தது.

"அப்பா."

"அப்பா, இருக்கியளா?"

"புரோக்கர் வந்துட்டாருப்பா."

"அவரை இன்னும் கொஞ்சம் இருக்கச் சொல்லியிருக்கேன். வந்துருங்கப்பா."

அப்புறம் கடைசியாக ஒன்று.

"புரிஞ்சிட்டுப்பா. ஒரு காரியம் உங்களுக்குப் பிடிக்கலன்னா வாயைத் திறந்து மாட்டேன்னு சொல்ல மாட்டிய, ஆளே தட்டுப்பட மாட்டிய. அந்த ராதாபுரத்து மாப்பிள்ளை என்னைப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு ஆத்தங்கரையில போய் உக்காந்துக்கிட்டியளே, அம்மா தேடித் தேடி அலைஞ்சாளே. எனக்கு உங்களைத் தெரியாதா? நான் கோவப்படல. சின்ன வீட்டுக்கே கையெழுத்துப் போட்டுட்டோம்."

இரண்டு தடவை படித்தேன். கீழே பெட்டியில் என் "வாரேன்" அனுப்பாமல் நின்றது. இப்போது அனுப்பினால் என்ன ஆகும்? கையெழுத்தை அழிக்க முடியுமா? சின்ன வீட்டின் ஒவ்வொரு சுவரையும் பார்த்துப் பார்த்து அழுவாள் என் பிள்ளை. நான் ஒருத்தன் வருத்தப்படுவது போதும். ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு வேறு எழுதினேன்.

"நல்லது மக்கா. எனக்கு இங்கனதான் சரிப்படும்."

பட்டென்று பதில் வந்தது. இவ்வளவு நேரமும் அங்கேயேதான் இருந்திருக்கிறாள்.

"எனக்குத் தெரியும்ப்பா. சாப்பிட்டியளா?"

"சாப்பிட்டேன்."

"பூஜையெல்லாம் நல்லா ஆச்சா?"

"நல்லா ஆச்சு."

"சரிப்பா, உங்க மாப்பிள்ளைக்குச் சோறு போடணும். அடுத்த வாரம் வாரேன்."

அவள் பெயர் அணைந்தது. நான் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன், எதற்கென்று தெரியவில்லை. "வாரேன்ட்டி. நான் வாரேன்" என்றேன். இன்னொரு தடவையும் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்காது. மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன்.

தோளில் யாரோ தொட்டார்கள். அடுத்த வீட்டு நாகலக்ஷ்மி டீச்சர், கையில் சுண்டல் கிண்ணத்தோடு. என் இடது காதுப் பக்கம் குனிந்து கத்தினாள்.

"வரேன் வரேன்னு தெருவுக்கே கேட்கறதே சார்! எங்கே போறேள்?"

"எங்கயும் போகல டீச்சர்" என்றேன்.