மூடி மாற்றிய நோரா

ஒருவன் நிரபராதி என்று தெரிந்துகொள்ள பெங்களூரில் மூவாயிரத்து நூறு ரூபாய் ஆகும், வரி தனி. டாக்டர் நோராவின் ஈக்கள் அதை இலவசமாகச் சொல்லின. இரண்டு பொருள்களில் ஒரே ஆளின் மரபணு இருந்தால் பாதி ஈ இதிலும் பாதி அதிலும் உட்காரும். இல்லையென்றால் கிட்டவே வராது.

லிங்கராஜபுரத்து நோரா பதினான்கு வருஷம் பழ ஈக்களின் மரபணுவை ஆராய்ந்தவள். ஆராய்ச்சிக்குப் பணம் நின்றதும் ஒரு தடயவியல் ஆய்வகத்தில் சேர்ந்தாள். ஈக்களும் அதே பஸ்ஸில் வந்திறங்கின. கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை. பதினைந்து நாளுக்கு ஒரு தலைமுறை மாறியும் எதுவும் வேலையை மறக்கவில்லை. மெஷின் சொன்னதை ஈக்களிடம் சரிபார்ப்பது வழக்கமாயிற்று. ரிப்போர்ட்டில் மெஷினின் பெயரை மட்டும் போட்டார்கள். ஆறே வருஷத்தில் நோரா துணை இயக்குநர்.

மாம்பழ சீசனில் ஈக்களுக்கு விடுப்பு. அப்போதுதான் அந்தக் கொலைக் கத்தி வந்தது. ஈ ஆராய்ச்சிக்காரர்கள் புட்டியின் மூடியில்தான் பெயர் எழுதுவார்கள். நோராவின் கையும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. சந்தேகத்தில் பிடித்த ரங்கா, தியோடர் இருவரின் ரத்தம் இருந்த சோதனைக் குழாய்களை ஒன்றாகத் திறந்தவள் மூடிகளை மாற்றிப் போட்டாள். கத்தியில் இருந்தது ரங்காவின் மரபணு. ரிப்போர்ட்டில் வந்தது சிவாஜிநகர் கறிக்கடை தியோடரின் பெயர். தியோடர் ஜெயிலுக்குப் போனான்.

சீசன் முடிந்து திரும்பிய ஈக்கள் தியோடரின் சட்டையிலும், ரங்கா என்று மூடி போட்ட குழாயிலும் போய் உட்கார்ந்தன. நோரா இயக்குநரிடம் போய்ச் சொன்னாள். அந்த மாதம் ஓய்வுபெறவிருந்த இயக்குநர் நாராயணசாமியின் நாற்காலிக்கு அவள் பெயர்தான் போயிருந்தது.

"ஏம்மா, ஈ சொல்லுச்சுன்னு கோர்ட்டுக்கு எழுதுவியா?" என்றார் அவர்.

"ஈயை எழுத மாட்டேன் சார். மூடியை மாத்திட்டேன்னு எழுதுவேன்."

"எழுதினா நாற்காலி போச்சும்மா. சும்மா இரு, மூடிய யாரு பாக்கப்போறா?"

"உள்ள ஒருத்தன் உக்காந்து பாத்துட்டுதான் சார் இருக்கான்."

எழுதினாள். புதிதாக ரத்தம் எடுத்தார்கள். தியோடர் வெளியே வந்தான், ரங்கா உள்ளே போனான். நாற்காலி வெளியூர்க்காரர் ஒருவருக்குப் போயிற்று. மன்னிப்புக் கேட்கக் கறிக்கடைக்குப் போன நோராவிடம் தியோடர் கத்தியைக் கீழே வைக்காமலே பேசினான்.

"பரவால்ல மேடம். நாப்பத்தி மூணு நாள்தானே. என் பொண்ணு சர்ச்சுல புதுநன்மை வாங்குனது, ஆயுசுக்கு ஒரு தடவை வர்றது, அதுல போச்சு. அத எந்த மெஷின்ல போட்டு எடுப்பீங்க?"

மூன்று வருஷம் கழித்து வெளியூர்க்காரர் மாற்றலில் போக, நோரா இயக்குநரானாள். முதல் உத்தரவு: மூடியில் யாரும் எழுதக்கூடாது. இரண்டாவது: மாம்பழ சீசனில் அவசரமில்லாத ரிப்போர்ட்டுக்குக் கையெழுத்து இல்லை. அந்த வருஷ ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அவளே எழுதிச் சேர்த்தாள்: பார்த்த வழக்குகள் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு. ஈக்கள், எண்ணவில்லை. தியோடரிடம் எடுத்தது நாற்பத்து மூன்று நாள். திருப்பியது, இல்லை. பாக்கி, நாற்பத்து மூன்று.