ராணி முகத்து வெளிச்சம்

அந்த நாடகக் கொட்டகையின் வாசலில் பழைய ராணி ஒருத்தியின் படம் மாட்டியிருக்கும். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்த முகம், கழுத்து நிறைய முத்து. செத்து எத்தனையோ தலைமுறை ஆகியும், பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் அந்த முகம் மனப்பாடம். அந்த ராணி வேஷம் நம் சின்னவளுக்குக் கிடைத்தது என்றால் நம்புவீர்களா, கண்ணுகளா?

சின்னவள் நல்ல கறுப்பு. அடுப்புக்கரியும் அவளும் அக்கா தங்கச்சி என்று அண்ணன்காரன் சிறு வயதிலிருந்தே கேலி செய்வான். வேறு யாராவது அதைச் சொன்னால் சட்டையைப் பிடிப்பான். அந்த ராணி காலத்திலேயே நம் ஆட்கள் பிழைக்க இந்தச் சீமைக்கு வந்திருந்தால் அரண்மனையில் அடுப்புதான் ஊதியிருப்பார்கள் என்று அம்மா சிரித்தாள். சிரித்துவிட்டு, கடையில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லியும் வைத்தாள்.

அம்மா சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். வெள்ளைச் சட்டையில் கடுகளவு கறை இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. போயிற்றா இல்லையா என்று சந்தேகமான துணியெல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். இப்போது அது "ராணியோட அம்மா, இந்தக் காலரைக் கொஞ்சம் கடாட்சிக்கணும்" என்ற கிண்டலோடு வந்தது.

இயக்குநர் நல்ல மனுஷர். சிக்கலே அதுதான். நடிப்பைப் பார்த்தேனே தவிர நிறத்தைப் பார்க்கவில்லை என்று பத்திரிகைக்காரர்களிடம் நெஞ்சு நிமிர்த்திச் சொன்னார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சரித்திரத்தைச் சாயத்தில் முக்குகிறார்கள் என்று ஒருவர் எழுதினார். ராணி என்ன கரிமூட்டையா என்று கேட்டார் இன்னொருவர். சின்னவள் கடைசிக் காட்சியையே திரும்பத் திரும்பச் செய்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் காட்சியில் வசனமே கிடையாது. விடிந்தால் மரணம் என்று தெரிந்த ராணி சிறையில் தனியாக உட்கார்ந்திருப்பாள். முதலில் சிரிப்பு வரும், அது அப்படியே அழுகையாக மாறும். எல்லாம் முகத்தில்தான். அதை அம்மா பார்க்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

அண்ணன் அதே கொட்டகையில் விளக்குகளின் வெளிச்சத்தை ஏற்றி இறக்குகிறவன். வேஷத்துக்கு ஆள் எடுக்கும் முன்பே விளக்குகளை அமைத்தாகிவிட்டது. அலுவலகத்துப் பெண் ஒருத்தியை ராணியின் நாற்காலியில் உட்காரவைத்து, அவள் முகத்துக்கு அளவு பார்த்தார்கள். அவள் வெண்ணெய் நிறம். அமைத்தவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார். உடை, விளக்கு எல்லாம் சேர்த்து முதன்முறை ஒத்திகை பார்த்த நாளில்தான் அண்ணன் மேலேயிருக்கும் தன் விளக்குக் கூண்டிலிருந்து கவனித்தான். கடைசிக் காட்சியில் கிரீடம் தெரிந்தது, முத்து தெரிந்தது. நடுவே இருட்டாக இருந்தது.

அவன் இயக்குநரிடம் ஓடினான். முகத்துக்கு மட்டும் பக்கவாட்டில் சின்ன விளக்கு ஒன்று போதும் என்றான். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"தம்பி, நிறம் பாக்க மாட்டேன்னு சொல்லித்தானே இத்தனை பேர்கிட்ட திட்டு வாங்கறேன். இப்ப அவளுக்குன்னு தனியா லைட் போட்டா, நானே பாத்த மாதிரி ஆயிடாதா? நாற்காலியில யார் உக்காந்தாலும் ஒரே வெளிச்சம். அதுதான் நியாயம்."

நியாயம் என்ற சொல்லுக்கு எதிரே நின்று என்ன பேச? தங்கையிடம் வந்தான். நீயே கேள், நீ கேட்டால் தருவார் என்றான். அவள் முத்துமாலையைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள்.

"வேணாம்ணா. தனி லைட்டு கேட்டா, பாத்தியா பொருந்தலைன்னு, திட்டி எழுதினவங்க எல்லாரும் கை தட்டுவாங்க. நாமளே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிடும்."

ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு அம்மா வந்தாள். இருப்பதில் நல்ல உடுப்பைத் தானே மடிப்பு வைத்துத் தேய்த்து உடுத்தியிருந்தாள். மூன்றாவது வரிசையில் நடு இருக்கை. அண்ணன் மேலேயிருந்து அவள் உச்சந்தலையைப் பார்த்தபடி இருந்தான்.

கடைசிக் காட்சி வந்தது. அவன் கை கேட்கவில்லை. எழுதி வைத்த அளவை மீறி விளக்கை மெல்ல ஏற்றினான். பாவி, பின்னால் சிறைச்சுவர் வெள்ளை என்பதை மறந்துவிட்டான். ஏற்றிய வெளிச்சத்தையெல்லாம் சுவர் குடித்துக்கொண்டது. பளீரென்று எரிந்த சுவருக்கு முன்னால் சின்னவள் முகம் இன்னும் கறுத்து, ராணி வடிவத்தில் ஒரு நிழல்தான் மிஞ்சியது. யார் கை வைத்தது, இறக்கு என்று காதுக்கருவியில் அதட்டல் கேட்டது. இறக்கினான். அந்த இருட்டுக்குள் அவள் சிரித்தாள், அழுதாள். திரை விழுந்தது. கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று.

ஒப்பனை அறைக்கு வந்த அம்மா மகளின் கன்னத்தைத் தடவினாள்.

"குரல் கணீர்னு இருந்துதுடி. என் பக்கத்து சீட்டு அம்மா கண்ணத் துடைச்சுக்கிட்டாங்க." கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். "கடைசில மட்டும் எனக்குச் சரியா தெரியல. கிரீடந்தான் தெரிஞ்சுது. சிரிச்சியா, அழுதியா?"

"ரெண்டும்தாம்மா."

"கண்ணு போயிடுச்சு போல. யார்கிட்டயும் சொல்லாத. கண்ணாடி போட்டுக்கிட்டு இன்னொரு தடவை வரேன்."

அண்ணன் வாயைத் திறந்தான். தங்கை அவனைப் பார்த்தாள், மூடிக்கொண்டான். அதற்குள் இயக்குநர் உள்ளே வந்து அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பாருங்கள், ஒருத்தருக்கும் நிறம் ஒரு பொருட்டாகவே இல்லை என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அம்மாவும் தலையாட்டினாள்.

மறுநாள் காலை சின்னவள் சலவைக்கடைக்குப் போனாள். உன் கண்ணில் கோளாறு இல்லை என்று சொல்லத்தான் போனாள். அதைச் சொன்னால், பிறகு எதில் கோளாறு என்று அம்மா கேட்பாள். ஊரே கைதட்டிய இடத்தில் மகள் தினமும் இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்ல வேண்டிவரும். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? எதையும் திருடாதவளுக்கும் அதே கதிதான்.

வாசலிலேயே நின்றாள். உள்ளே அம்மா ஒரு வெள்ளைச் சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தாள். திருப்பினாள், மறுபடி திருப்பினாள். பிறகு அடுத்த மேசைக்காரியிடம் நீட்டினாள்.

"நீ ஒரு தடவை பாரேன். என் கண்ண நம்ப முடியல."

"ஒண்ணும் இல்லக்கா. சுத்தமாத்தான் இருக்கு."

"இருக்கும்," என்றாள் அம்மா. "எதுக்கும் இன்னொரு தடவை பாரு."