மறைப்புச் சேலை

மூதூர்த் துறையிலிருந்து திருகோணமலைக்குக் காலை லோஞ்சிப் படகு போய் ஒரு மணித்தியாலம்தான் ஆகியிருந்தது. அடுத்தது பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு. அதுவரை ஸுல்பிகா தாங்கமாட்டாள் என்று மருத்துவமாது புஸ்பராணி அவளுடைய புருஷன் ஸுஹைரிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டாள். பிள்ளை சுகமாகப் பிறந்து, நஞ்சுக்கொடியும் முழுதாக விழுந்த பிறகுதான் இரத்தம் நிற்கமாட்டேன் என்றது. ஊசி போட்டாள், அடிவயிற்றைத் தேய்த்தாள், பிள்ளையை மார்பில் பிடித்துப் பார்த்தாள். கருப்பை இறுகவில்லை. கடைசியில் ஒரு கையை உள்ளே முஷ்டியாக மடக்கி வைத்து, மறுகையால் வயிற்றின் மேலிருந்து அழுத்தி, கருப்பையை இரண்டு கைக்கும் நடுவே பிடித்துக்கொண்டாள்.

"இந்தக் கையை இனி திருகோணமலை ஆசுபத்திரியிலதான் எடுப்பன். தோணியைப் பாருங்கோ," என்றாள்.

அயல்வீட்டுப் பெண்கள் கட்டிலோடு தூக்கினார்கள். புஸ்பராணி குனிந்தபடியே முழங்கால் தண்ணீரில் கூட நடந்து தோணியில் ஏறினாள். ஸுல்பிகாவின் உம்மா உம்மு குல்சும் பிள்ளையோடு ஏறினாள். சுக்கான் ஸுஹைருக்கு. துடுப்புக்கு அந்த நேரம் கரையில் அகப்பட்டவன் அபூதாஹிர் ஒருவன்தான்.

அபூதாஹிரின் புயத்தில் குறை சொல்ல ஆளில்லை. வாய்தான் பொல்லாதது. ஊரில் யார் வீட்டு ஆணத்தில் உப்புக் குறைந்தாலும் அது தேத்தண்ணிக் கடையில் இவன் வாயால்தான் வெளியே வரும். துடுப்புப் போடுகிறவன் தோணியின் முன்முனையான அணியத்தில் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். அவன் கண்ணுக்கு நேரே ஸுல்பிகா கிடந்தாள். போர்வையால் மூடவும் புஸ்பராணி விடவில்லை. மூடினால் இரத்தப் போக்குத் தெரியாது என்றாள். ஸுஹைர் மாமியின் சேலையொன்றை வாங்கி, பாய்மரத்திலும் ஒரு கம்பிலுமாக இழுத்து, இருவருக்கும் நடுவே குறுக்கே கட்டினான். கயிற்று நுனியைத் தன் காலடியில் முடிந்தான். தை மாத வாடைக் காற்றுக்கு எதிரே குறுக்குச் சேலை என்ன செய்யும் என்று தெரியாதவனல்ல. தெரிந்துதான் கட்டினான். மானம் வந்து நின்றால் கடலோடியின் புத்தியும் கரையிலேயே நின்றுவிடுகிறது.

குடாக்கடலின் பாதியில் சேலை வயிறு பருத்து நின்றது. அபூதாஹிர் எவ்வளவு இழுத்தும் தோணி நின்ற இடத்திலேயே குதித்தது.

"தம்பி, சேலையை அவிழுங்கோ. காத்து முழுக்க அதிலதான் நிக்குது. நான் சல்லி ஊர்த் தோணிக்காரன்ர மகள், எனக்குத் தெரியும்."

"அங்கால அவன் இருக்கான், மிஸி."

"ஓம், இருக்கிறார். என்ர கை விறைச்சுப்போச்சு. எவ்வளவு நேரம் பிடிப்பன் எண்டு எனக்கே தெரியாது."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. தோள் துடிதுடித்தது, வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது, துடைக்க அவளுக்குக் கையில்லை. உம்மு குல்சும்தான் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். அந்த நிலையிலும் புஸ்பராணி ஸுல்பிகாவை உறங்கவிடாமல் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"பிள்ளைக்கு என்ன பேர்?"

"றஹ்மா..."

ஒவ்வொரு தடவையும் அந்தப் பதில் வரத் தாமதமானது. வெளுத்த உதடு அசைவதை ஸுஹைர் பார்த்தான். யாரோ பெற்ற பெண்ணுக்காக இவள் இப்படிக் கிடந்து போராடுகிறாள், நான் காற்றுக்குச் சேலை பிடிக்கிறேனே என்று தன்மீதே வெறுப்பு வந்தது. ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும். குனிந்து முடிச்சை இழுத்தான்.

சேலை சரிந்தது. அபூதாஹிர் தலைத்துண்டை இரண்டு சுற்றாகக் கண்ணில் இறுகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எப்போது கட்டினான் என்று தெரியவில்லை.

"சுக்கானை நீ புடி மச்சான்," என்றான். "துடுப்புப் போடுறவனுக்குக் கண் என்னத்துக்கு? நேரம் போகுது."

அதற்குப் பிறகு அந்த வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அலை முகத்தில் அடித்தது, துடுப்பு இரண்டு தரம் வெறும் காற்றைக் கிழித்தது. துண்டை அவன் தொடவில்லை. தோணி வாடையை வெட்டிக்கொண்டு போனது.

திருகோணமலைத் துறையில் ஆட்கள் ஓடிவந்து ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். கையை எடுக்காமலே புஸ்பராணி படியேறினாள். கால் இரண்டு தரம் மடங்கியது. யாரோ இடுப்பைத் தாங்கிப் பிடித்தார்கள். பிள்ளையை அணைத்தபடி உம்மு குல்சும் பின்னால் போனாள். ஸுஹைரும் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டான்.

"மச்சான்," என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. "இறக்கியாச்சா? இனி அவிழ்க்கலாமா?"

ஸுஹைர் திரும்பினான். அபூதாஹிர் துடுப்புகளை விடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். உள்ளங்கைத் தோல் உரிந்து துடுப்புப் பிடி சிவந்திருந்தது. ஸுஹைர் தோணிக்குள் இறங்கி, அவன் தலைக்குப் பின்னால் நின்று முடிச்சில் கை வைத்தான். உப்புத் தண்ணீரில் ஊறி இறுகியிருந்த முடிச்சு, விரல்களுக்கு இளகவில்லை.

மேலே படிக்கட்டில் புஸ்பராணியின் குரல் கேட்டது: "பிள்ளைக்கு என்ன பேர்?"

இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு செவிமடுத்தார்கள்.

"றஹ்மா..."

ஸுஹைர் பல்லால் முடிச்சைக் கடித்து இழுக்கத் தொடங்கினான்.